ஒன்பதாவது வரிசை

மே 9, சனி

ஏரியில் பனிக்கட்டி போய் நான்கு நாள் ஆகிறது. வலையை இன்னும் போடவில்லை, முதுகு வளையவில்லை. நாற்பத்தாறு பைன் மரத் தடிகளுக்குப் பட்டை உரித்தாகிவிட்டது. கரையில் வரப்போகும் பொதுச் சௌனாவுக்கு, ஊருக்கான நீராவிக் குளியல் குடிலுக்கு, இது போதும். வேலை எனக்குத்தான் என்று கிராமச் சங்கத் தலைவி தைமி வாய்மொழியாகச் சொல்லிவிட்டாள்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தடி மேல் தடி அடுக்கிச் சுவர் எழுப்புகிறேன். எல்லாம் யாரோ ஒருவரின் வீடு, யாரோ ஒருவரின் சௌனா. ஊர் மொத்தமும் உட்கார்ந்து வியர்க்கப் போகிற இடம் ஒன்றையாவது நான் கட்ட வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மே 16, சனி

ரொட்டி வாங்கப் போன இடத்தில் யல்மாரி. ஏரிக்கு அக்கரையில் என்னைப் போலவே தடிக் கட்டடம் கட்டுகிறவன். பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன ஹெல்வி, தங்கச்சி வீட்டு சௌனாவுல புது மாதிரி ஜன்னல் வச்சிருக்கியாமே? சுவரு பூரா நீளமாம். படுத்துக்கிட்டே ஏரியப் பாக்கலாமாம்!"

கடைக்காரிகூடச் சிரித்தாள். என் தங்கை ஐலாவுக்குப் போன கோடையில் நான் கட்டிய சௌனா. சுவரில் வெளிச்சம் தெரிகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் ஐலாவின் கணவன் ஓஸ்மோவாம். ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டேன்.

மே 17, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். உண்மைதான். கதவு இருக்கிற சுவரில், எட்டாவது தடிக்கும் ஒன்பதாவது தடிக்கும் நடுவே என் சுண்டு விரல் நுழைகிறது.

யார் செய்த வேலை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஈரமான தடி காயக் காயச் சுருங்கும், சுவர் மொத்தமும் கீழே இறங்கும். அதற்காகத்தான் கதவு நிலைக்கு மேலே நான்கு விரல் வெற்றிடம் விட்டு, பாசி திணித்து, பலகை அடித்து மறைக்கிறோம். காற்று வருகிறது என்று எந்த மடையனாவது அந்த வெற்றிடத்தில் கட்டையை இறுக்கிவிட்டால், மேல் தடி நிலையின் தலையில் உட்கார்ந்துவிடும். கீழே உள்ளவை மட்டும் இறங்கும். நடுவில் வாய் பிளக்கும்.

ஓஸ்மோ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஆனால் கையில் சுத்தியல் கிடைத்தால் சும்மா இருக்க மாட்டான்.

"மேல கட்டை வச்சு அடிச்சியா?"

"நான் எதையும் தொடலக்கா. கதவப் பாருங்க, ஒத்த விரல்ல தள்ளினா தொறக்குது. நல்லாத்தானே இருக்கு?"

திறந்து திறந்து மூடிக் காட்டினான். பொய்யன்.

மே 30, சனி

தைமி தொலைபேசியில் பேசினாள். "வேலை யாருக்குன்னு முடிவு பண்ற கூட்டத்த ஆகஸ்டுக்குத் தள்ளி வச்சிருக்கோம். யல்மாரியையும் கூப்பிட்டிருக்கோம். தப்பா எடுத்துக்காத ஹெல்வி, ஊர்க் காரியம் பாரு."

எப்படி எடுத்துக்கொள்வதாம்? நாற்பத்தாறு தடி என் முற்றத்தில் கிடக்கிறது.

ஜூன் 6, சனி

ஒரு வண்டி மட்டுமே போகிற பாதையில் எதிரே வந்த ஓஸ்மோவின் வண்டிக்கு வழி விடவில்லை. அவன் ஹார்ன்கூட அடிக்காமல் வண்டியைப் பின்னால் எடுத்து ஒதுங்கினான். அதுவும் ஆத்திரமாக இருந்தது.

ஜூன் 20, சனி

எழுதவே கூசுகிறது. எழுதித் தொலைக்கிறேன்.

நேற்று நடுக்கோடைத் திருநாள் மாலை. அழைப்பை மறுத்தால் இன்னும் பேசுவார்கள் என்று ஐலா வீட்டுக்குப் போனேன். ஆறு மணிக்குச் சௌனாவில் பெண்கள் முறை. மேல் பலகையில் நான், ஐலா, தைமி. அந்தப் பிளவு வழியாக வெயில் வந்து தைமியின் தோளில் கோடு போட்டது. அவள் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த நகர்தல்தான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"உன் புருஷன், அந்தப் பொய்யன், செஞ்ச காரியத்துக்கு நான் ஊர் முன்னாடி தலை குனியணுமா?" கத்தினேன். சௌனாவுக்குள். கல்லடுப்பில் தண்ணீர் ஊற்றி ஆவி எழும்பிக்கொண்டிருக்கும்போது.

தைமி அகப்பையைக் கீழே வைத்தாள். "எங்க உக்காந்திருக்கோம்னு பாத்துப் பேசு ஹெல்வி. சின்னப் புள்ளைங்ககூட இங்க சத்தம் போடாது."

எழுந்தேன். துண்டைச் சுற்றிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போய் ஆணி பிடுங்கும் கம்பியை எடுத்து வந்து, கதவுக்கு மேலிருந்த பலகையைப் பெயர்த்துக் கீழே போட்டேன். கரையில் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

உள்ளே என் பாசி. நான் திணித்தது. அதற்குப் பின்னால் நான் விட்ட நான்கு விரல் வெற்றிடம், அப்படியே. கட்டை இல்லை. ஓர் ஆணிகூட இல்லை.

ஓஸ்மோ கையில் தொத்திறைச்சியோடு வந்தான். "பலகைய இப்பவே திருப்பி அடிச்சிரட்டுமாக்கா, இல்ல இன்னும் ஏதாச்சும் பாக்கணுமா?"

யாரோ சிரித்தார்கள். ஈரத் தலையோடு வீட்டுக்கு நடந்தேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஜூன் 27, சனி

என் வீட்டுச் சௌனாவில் தனியாக. ஆவி நன்றாக இல்லை. எதுவும் நன்றாக இல்லை.

ஜூலை 4, சனி

ஐலா என் செருப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நின்றபடியே சொன்னாள்:

"ஓஸ்மோ தைமிகிட்ட பேசிட்டார். குளிர்காலத்துல தினமும் அளவுக்கு மீறி நெருப்புப் போட்டு நான்தான் சுவரக் கெடுத்துட்டேன், ஹெல்வி மேல குத்தமில்லன்னு. இனிமே வேலை உனக்குத்தான். சந்தோஷமா?"

"அப்படியா போட்டாரு?"

"சனிக்கிழமை சனிக்கிழமைதான் போட்டோம். எல்லாரும் போடற மாதிரி."

யார் கேட்டது இவனை? எனக்காகப் பொய் சொல்ல இவன் யார்? பொய்யன் என்று நான் சொன்ன ஆள், இப்போது எனக்காகவே பொய் சொல்கிறான். ஐலா போன பிறகு பட்டை உரிக்கும் கத்தியைச் சுவரில் எறிந்தேன். பிறகு போய் எடுத்துக்கொண்டேன், வேறு யார் எடுப்பது?

ஜூலை 5, ஞாயிறு

தூக்கம் இல்லை. நான்கு விரல் ஏன் அப்படியே இருக்கிறது? ஓர் ஆண்டில் சுவர் இறங்கியிருந்தால் அது இரண்டு விரலாக ஆகியிருக்க வேண்டும். ஒன்பதாவது தடியை நிலை தாங்கவில்லை என்றால் வேறு எது தாங்குகிறது?

போன ஆண்டு நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்துத்தான்: "ஒன்பதாவது வரிசை. ஐலா வந்து ஜன்னலைப் பெரிதாக்கச் சொல்கிறாள், எட்டுத் தடி ஏறிய பிறகு! மண்டை வெடித்தது. ஆத்திரத்தோடு ஆத்திரமாக மர ஆணி எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்."

மர ஆணி. தடியைத் தடியோடு கோக்கிற ஆணி. துளை ஆணியைவிட ஒரு கட்டை விரல் ஆழமாக இருக்க வேண்டும். தடி குறுக்கில் சுருங்கும், ஆணி நீளத்தில் சுருங்காது. துளை ஆழம் போதாவிட்டால் ஆணி நுனி அடியில் முட்டி, மேல் தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் கோடையிலேயே கற்றுக்கொள்கிற பாடம். அன்று நான் துளையை அளக்கவில்லை. அளந்த ஞாபகமே இல்லை.

அவர்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் போய், பிளவில் டார்ச் அடித்தேன். ஆணி நின்றுகொண்டிருந்தது. மூன்று இடத்தில். கதவு ஒற்றை விரலில் திறக்கிறது என்று அவன் காட்டியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிலையின் தலையில் பாரம் ஏறியிருந்தால் அந்தக் கதவு திறக்கவே திறக்காது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பயலுக்கும் தெரியும்.

ஜூலை 18, சனி

யாருக்கும் தெரியாது. ஓஸ்மோ பழியை ஏற்றுக்கொண்டாயிற்று. ஊர் நம்பிவிட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் வேலை எனக்கு.

தினமும் அந்தத் தடிக்குவியலைத் தாண்டித்தான் கிணற்றுக்குப் போகிறேன்.

ஆகஸ்ட் 1, சனி

கூட்டம். "ஓஸ்மோ எந்தத் தப்பும் செய்யல. துளை ஆழம் பத்தல. போட்டது நான்," என்றேன். "ஆத்திரத்துல போட்டேன்" என்பதையும் சொன்னேன், அது வேண்டியிருக்கவில்லை. ஓஸ்மோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் கோபம்தான், யார் மேல் என்று கேட்டால் தெரியவில்லை.

வேலை யல்மாரிக்கு. பதினொரு கை உயர்ந்தது. எனக்கு இரண்டு: தைமி, ஓஸ்மோ.

ஆகஸ்ட் 8, சனி

மெல்லிய ரம்ப அலகைத் துணி சுற்றிப் பிடித்து, பிளவுக்குள் விட்டு, மூன்று ஆணிகளையும் அறுத்தேன். மறுமுனையை ஓஸ்மோ பிடித்தான். நான் கேட்கவில்லை, அவனே வந்து பிடித்தான். மூன்றாவது அறுந்ததும் சுவர் முழுவதும் தொம்மென்று உட்கார்ந்தது. அடுப்புக் கல்லெல்லாம் அதிர்ந்தது.

"உன்னப் பொய்யன்னு சொன்னேன்," என்றேன்.

"கேட்டுச்சு. ஊருக்கே கேட்டுச்சு."

அவ்வளவுதான் பேசினோம். மாலையில் அங்கேயே குளித்தேன்.

செப்டம்பர் 7, திங்கள்

பொதுச் சௌனாவின் மூன்றாவது வரிசை. என் நாற்பத்தாறு தடிகளை யல்மாரி வாங்கிக்கொண்டான். துளை போட ஆள் வேண்டும் என்றான், போனேன். நான் போடுகிற ஒவ்வொரு துளையிலும் குச்சி விட்டு அளந்து பார்க்கிறான், ஊரே பார்க்கும்படி. பார்க்கட்டும். இன்று முப்பத்திரண்டு துளை.