இரண்டிலிருந்து நான்கு வரை

மார்ச் 3

கஞ்சப் பேராசிரியை அக்காவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டையில் போய் நிற்கிறோம், இனிமேல் கடிதம்தான் என்று நீ தீர்ப்புச் சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன். இதில் அப்பாவுக்குத்தான் ஏக சந்தோஷம். போனில் நீ பேசுவது அவர் காதில் விழுவதில்லை. கடிதமென்றால் நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். பிடித்த இடத்தை இரண்டாம் முறை கேட்டுக்கொள்ளலாம். கண்ணில் புரை விழுந்ததில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது என்கிறார்.

அவர் இங்கே வந்து பத்து நாள் ஆகிறது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்கு. வந்த மூன்றாம் நாள் மாலை எங்கள் தெருவில் கரண்ட் போயிற்று. இங்கே அது எப்போதாவதுதான், அதனால் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் மேசையில் முட்டிக்கொண்டு மேசையைத் திட்டினார். இருட்டுக்குள்ளிருந்து அப்பா குரல்: "மாப்ள, நின்ன இடத்துலயே நில்லுங்க. ரெண்டு நிமிஷத்துல கண்ணு பழகிரும்."

மறுநாளே மனிதர் நிர்வாகத்தைக் கையில் எடுத்துவிட்டார். மாப்பிள்ளையை ஆணி அடிக்க வைத்து, கதவுக்குப் பின்னால் டார்ச்சைத் தொங்கவிட்டாயிற்று. தீர்ந்த பேட்டரிகள் மொட்டைமாடியில் வெயில் காய்கின்றன. கரண்ட் இல்லாதபோது ஃபிரிட்ஜைத் தொடக் கூடாது. "தொறந்து தொறந்து பாத்தா உள்ள இருக்கறது குட்டியா போடப் போகுது?"

"இதெல்லாம் எங்கப்பா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"பெரியவ வீட்ல. அங்க ஒரு வருஷமா தினப்படி ரெண்டு மணிக்குப் போகும், நாலு மணிக்கு வரும். முப்பத்தஞ்சு வருஷம் மில்லுல டைம்கீப்பரா இருந்தவன் நான். இவ்வளவு நேரம் தவறாத ஆபீஸை நான் பாத்ததே இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் விட்டுருவான். நல்லவன்."

பாவம் அக்கா நீ. ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

இங்கேயும் மதியம் இரண்டு மணியானால் தானே எழுந்து நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். விசிறி பாட்டுக்குத் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. "இங்க போகாதுப்பா" என்றால் "ஆமால்ல" என்று சிரித்துவிட்டுத் திரும்பவும் நகர்த்துகிறார்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

வாலு

* * *

மார்ச் 12

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தத் தாளைப் பார்த்து முகம் சுளிக்காதே. கழித்துப் போட்ட பழைய விடைத்தாள்களில் மாணவர்கள் எழுதாமல் விட்ட பக்கங்கள் இவை. எழுதத் தெரியாதவர்களால் எனக்கு எவ்வளவு லாபம் பார். உறையும் உன் உறைதான். பிரித்து, உள்புறத்தை வெளியே திருப்பி ஒட்டியிருக்கிறேன். நான் பேராசிரியை இல்லை, விரிவுரையாளர். கஞ்சம் என்பதை மறுக்கவில்லை.

இங்கே செய்தி என்று சொல்ல ஒன்றுமில்லை. அத்தான் வேலைக்குப் போய் வருகிறார். சோப்புத் துண்டுகளை ஒட்டிப் புது சோப்பு செய்வதில் எனக்கு இன்னொரு பட்டம் கொடுக்கலாம். பற்பசைக் குழாயைக் கத்தரித்துப் பார்த்திருக்கிறாயா? உள்ளே இன்னும் நான்கு நாளைக்கு இருக்கும்.

மின்வெட்டைப் பற்றி எழுதியிருந்தாய். எல்லா இடத்திலும் உள்ளதுதான். பழகிவிட்டது. அதைப் பெரிதுபடுத்தாதே. அப்பாவிடமும் அதைப் பற்றிக் கிளறிக் கேட்டுக்கொண்டிருக்காதே.

ஏப்ரல் கடைசியில் அப்பா இங்கே திரும்புவதாகத்தானே பேச்சு? கல்லூரி முடிந்து ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் "வந்துட்டியா" என்று கேட்க ஆளில்லை. மெத்தையை வெயிலில் காயப்போட்டு வைத்திருக்கிறேன். தேதியை மட்டும் எழுது. நான் வந்து அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா

* * *

மார்ச் 24

அக்கா,

திட்டக் கூடாது. உன் வீட்டுக்கு இன்வெர்ட்டர் சொல்லிவிட்டேன், பேட்டரியோடு. அடுத்த மாதக் கடைசியில் கடைக்காரரே கொண்டுவந்து மாட்டித் தருவார். பணம் ஏது என்று கேட்பாய். பல் கட்ட எடுத்து வைத்திருந்தது. பல் போனது இடது பக்கம்தானே, இனி வலது பக்கமாகச் சிரித்துக்கொள்கிறேன். "வேண்டாம்" என்று ஒரு விடைத்தாளில் எழுதி அனுப்பினால் சுழியம் போட்டுத் திருப்பி அனுப்புவேன்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன். (இந்தப் பத்தியை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.) முதுகு தேய்த்துவிடும்போதுதான் பார்த்தேன். வேர்க்குரு வந்து வந்து ஆறி, தோல் முழுக்கக் கறுத்துத் தடித்துப் போயிருக்கிறது. இங்கே வந்த பிறகு புதிதாக ஒன்றும் இல்லை. டாக்டரம்மா, "இவ்வளவு நாள் இவரை எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். உன்னைச் சொன்ன மாதிரி எனக்குச் சுருக்கென்றது. நீ என்ன செய்வாய், கரண்ட் உன் கையிலா இருக்கிறது? அதனால், இன்வெர்ட்டரை மாட்டிய பிறகு அப்பாவை அனுப்புகிறேன். அதுவரை இங்கேயே இருக்கட்டும்.

இத்துடன் உன் ஊர் மின்சார ஆபீசுக்கு ஒரு மனு இருக்கிறது. அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். "தங்கள் நேரந்தவறாமையைப் பாராட்டும் அதே வேளையில்" என்று ஆரம்பித்துக் கடைசியில் விளாசியிருக்கிறார். கையெழுத்தும் போட்டாயிற்று. நீ நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைக்க வேண்டுமாம்.

வாலு

* * *

ஏப்ரல் 2

வாலு,

இதைச் சத்தமாகப் படிக்காதே. முதலில் நீ தனியாகப் படி.

இன்வெர்ட்டரை வேண்டாமென்று சொல்லிவிடு. பல்லைக் கட்டிக்கொள். எங்கள் தெருவில் மின்வெட்டு கிடையாது. போன வருடம் மார்ச்சிலிருந்து மே வரை இருந்தது, தினமும் இரண்டிலிருந்து நான்கு வரை. ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் அப்பா உட்கார்ந்திருந்தது நான் போட்ட வெட்டில்.

நிறுத்திய முதல் நாள் இரண்டு மணிக்கு விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா அதற்குள் நாற்காலியை நகர்த்திவிட்டார். "இன்னும் போகலையே" என்றார். அத்தானின் கம்பெனியில் சம்பளத்தைப் பாதியாக்கியது அந்த வாரம்தான். இன்றுவரை அது பாதிதான். உனக்கு நான் சொல்லவில்லை. மின்சாரச் செலவு ஓர் அளவைத் தாண்டினால் யூனிட் விலையே மாறிவிடும். நாங்கள் அந்த விளிம்பில் இருந்தோம். நான் வாசலுக்குப் போனேன். மீட்டருக்குக் கீழே மெயின் ஸ்விட்ச் இருக்கிறது. இறக்கினேன். உள்ளே வந்தபோது அப்பா சொன்னார்: "போயிருச்சு. அஞ்சு நிமிஷம் லேட்டு." நான் "ஆமாப்பா" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். மறுநாளிலிருந்து ஐந்து நிமிடமும் பிந்தாமல் பார்த்துக்கொண்டேன். ஞாயிறன்று அத்தான் வீட்டில் இருப்பார், அதனால் இல்லை. அதற்காக அப்பா யாரோ ஒருவரை நல்லவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் மிக்சி ஓடும். அந்தச் சத்தம் அவர் காதுக்கு எட்டாது என்பதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவளுக்கு வேண்டிய முடிவுக்கு ஆதாரம் தேடுவது கஷ்டமில்லை. அந்த நேரத்தில் தூங்கத்தானே போகிறார் என்று முதல் மாதம் சொல்லிக்கொண்டேன். அவர் ஒரு நாள்கூடத் தூங்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு விசிறியை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் சமையலறையை விட்டு வெளியே வர மாட்டேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்திருக்கிறேன். முதுகில் வேர்க்குருவை நீ மட்டும் பார்க்கவில்லை. நானும் பார்த்தேன். பவுடர் போட்டுவிட்டேன். மறுநாள் இரண்டு மணிக்குத் திரும்பவும் வாசலுக்குப் போனேன்.

சொல்லியிருக்கலாமே என்பாய். பாதிச் சம்பளம் என்று தெரிந்தால் அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். பெரியவளுக்கு அப்பாவை வைத்துப் பார்க்க முடியவில்லை என்று ஆகிவிடும். அந்தப் பேர் எனக்கு வரக் கூடாது என்று நினைத்தேன்.

மனு வந்தது. சேர வேண்டிய ஆபீசுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

அவரை அனுப்ப மாட்டேன் என்று நீ சொன்னால் வாதாட எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். அவர் இங்கே வர வேண்டும்.

அக்கா

* * *

ஏப்ரல் 11

அக்கா,

குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு படித்தேன். "பெரியவ என்ன எழுதியிருக்கா?" என்று அப்பா வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, உன் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத ஒரு கடிதத்தைப் படித்தேன். நீ சௌக்கியம், அத்தான் சௌக்கியம், அங்கே ஒரு மழை பெய்தது. மழை வருகிற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். முதல் தடவை என்ன சொன்னேன் என்று எனக்கு மறந்துபோயிற்று.

ஒரு நாள் பொய்க்கே என்னால் முடியவில்லை. ஒன்பது மாதம் எப்படி அக்கா செய்தாய்?

பாதிச் சம்பளம் என்று எனக்காவது ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் என்ன, பக்கத்து வீட்டுக்காரியா? "அப்பாவை ஆறு மாசம் நீ வச்சுக்கோடி" என்றால் வேண்டாமென்றிருப்பேனா? உன் மானத்துக்கு நான் பாதுகாப்பில்லை என்று முடிவு கட்டிவிட்டாய். அந்த டாக்டரம்மா முன்னால் உனக்காக நான் பரிந்து பேசினேன்.

இன்வெர்ட்டரை வேண்டாமென்று சொல்லியாயிற்று.

அப்பாவிடம் இதை நான் சொல்ல மாட்டேன். நான் படித்துக் காட்டவும் மாட்டேன். நீயே சொல். பெரிய எழுத்தாக எழுது, ஒரு தாளுக்கு ஒரு வரி. நடுவில் யாரும் இல்லாமல் அவர் கண்ணாலேயே படிக்கட்டும்.

தங்கை

* * *

ஏப்ரல் 18

அப்பா,

நீங்களே படிப்பதற்காக இப்படி எழுதுகிறேன்.

நம் வீட்டில் கரண்ட் போகவில்லை.

போன ஜூனிலிருந்து ஒரு நாளும் போகவில்லை.

மெயின் ஸ்விட்சை நான்தான் இறக்கினேன்.

அவருக்குச் சம்பளம் பாதியாகிவிட்டது.

உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

நீங்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

வீட்டுக்கு வாருங்கள் அப்பா.

பெரியவள்

* * *

ஏப்ரல் 28

அக்கா,

உன் தாள்களை அப்பா வாசலில் வெளிச்சத்தில் வைத்துத் தானே படித்தார். புதுத் தாளாக வாங்கியிருக்கிறாய். ஒவ்வொன்றையும் முடித்ததும் கவிழ்த்து வைத்தார். முழுதும் படிக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று. பிறகு அடுக்கிக் கொண்டுவந்து தன் பைக்குள் வைத்துக்கொண்டார். சாப்பிட்டார். நேற்றுக் காலையில் என்னைக் கூப்பிட்டு "எழுது" என்றார். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். நான் எதையும் சேர்க்கவில்லை.

"வெக்கையெல்லாம் பெருசில்லம்மா. மில்லுல இத விடப் பாத்திருக்கேன். வந்துரும், இப்ப வந்துரும்னு உக்காந்திருந்தேன் பாரு, அதுதான். தினமும் அந்த ரெண்டு மணி நேரமும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். அது வாசல்லயே இருந்திருக்கு.

'அப்பா, பணம் பத்தல, ரெண்டு மணி நேரம் விசிறிய நிறுத்திக்கலாமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே எந்திரிச்சுப் போயி நிறுத்தியிருப்பேன். இந்த வயசுல வீட்டுக்கு நானும் ஏதோ செய்யறேன்னு இருந்திருக்கும். அத நீ எனக்குத் தரல.

அந்த ஆபீஸ்காரங்கள வேற வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

இந்த இடத்தில் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாப்பிள்ளைக்குத் தெரியாதுன்னா அவர்கிட்டயும் சொல்லிரச் சொல்லு. கோவமில்லன்னு எழுது. இந்தத் தடவ வரலன்னும் எழுது."

எதை முதலில் எழுதட்டும் என்று கேட்டேன்.

"சொன்ன வரிசையிலயே எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

வாலு