நான் போட்ட ‘நீங்கள்’

மாமு,

இன்று காலை காற்று திரும்பிவிட்டது. பல் துலக்கிக்கொண்டே பால்கனிக் கதவைத் திறந்தேன். மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்திலிருந்து அந்த வாடை நேராக மூக்குக்குள் வந்து உட்கார்ந்தது. திருவொற்றியூரில் எல்லோரும் செய்வதைப் போல நானும் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. வாயில் நுரையோடு கைப்பேசியைத் தேடினேன், உன் பதிவில் போய்ச் சொல்வதற்கு. உன் பக்கத்தைத் திறந்த பிறகுதான், பதில் சொல்ல நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. என் விரல்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

உன் வலைப்பூவுக்குப் பெயர் ‘பேஜாரு’. நீ வைத்துக்கொண்ட புனைபெயர் ‘தோஸ்து’. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நாலு வரி எழுதுவாய், அன்றைக்கு ராயபுரத்தில் என்ன வாடை என்று. “இன்னிக்கு மீனு கம்மி, டீசலு ஜாஸ்தி.” சில நாள் பதிவே அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கீழே பின்னூட்டங்கள் வரிசைகட்டும். வண்ணாரப்பேட்டைக்காரர் ஒருவர் கஞ்சி போட்ட புதுத்துணி வாடை என்பார். பெரம்பூரில் ரயில்பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர், இரும்பு அரைக்கிற வாடையில்லாமல் தனக்குச் சோறு இறங்குவதில்லை என்பார். ஷார்ஜாவில் கிரேன் ஓட்டுகிற எண்ணூர்க்காரர் ஒருவர் ‘ஒட்டகம்’ என்ற பெயரில் வருவார். அவரிடம் சொல்வதற்கு வாடை எதுவும் இருக்காது, கேட்டுவிட்டுப் போகத்தான் வருவார். முதல் பின்னூட்டம் போடுகிறவருக்கு ‘வடை’ என்பது அந்தக் காலத்து வலைப்பூ வழக்கம். இல்லாத அந்த வடைக்காக முன்பின் பார்த்திராத பத்துப் பேர் அடித்துக்கொள்வோம். ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிற ஒரு விஷயத்தை வைத்து நீ ஆட்களைச் சேர்த்துவிட்டாய் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. வியாசர்பாடிக் குடியிருப்பில் வளர்ந்தவன். கன்டெய்னர் யார்டு ஆபீஸில் சேர்ந்த முதல் வாரம், லாரி எங்கே என்று கேட்ட அதிகாரியிடம் “கேட்டாண்ட கீது சார்” என்று சொல்லிவிட்டேன். அவர் அதை சினிமா காமெடியன் குரலில் திருப்பிச் சொல்லிக் காட்டினார். ஆபீஸே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றையிலிருந்து வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்து வெளியே விட்டேன். வீட்டிலும் அப்படியே பேசப்போய், “இன்னாடா இவன் நியூஸ் வாசிக்கிறான்” என்று அம்மா கேலி செய்தாள்.

அப்படி இருந்தபோதுதான் உன் பதிவு ஒன்று கண்ணில் பட்டது. ‘குந்திகினு’, ‘வந்துகினு’, ‘வூட்டாண்ட’ என்று அப்படியே எழுத்தில், எந்த வெட்கமும் இல்லாமல். கேன்டீனில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வாய்விட்டுப் படித்தேன். “மாமு, இது எங்க வூட்டுப் பேச்சு” என்று பின்னூட்டம் போட்டேன். “அப்ப இன்னாத்துக்குப் படிச்சிகினு கீற, நீயும் எழுது மாமு” என்று பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. அந்த வாரமே ‘கன்டெய்னர்’ என்ற பெயரில் நானும் ஒரு வலைப்பூ தொடங்கிவிட்டேன்.

இரண்டு வருடம் மாமு, வா மாமு, போ மாமு. கைலி கட்டிய, மீசை வைத்த துறைமுகக் கூலிக்காரர் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கடற்கரையில் பதிவர் சந்திப்பு வைத்தார்கள். வாயல் புடவை, மூக்குக் கண்ணாடி, கழுத்தில் சிலுவை, கையில் சாப்பாட்டுப் பை என்று ஐம்பது வயது அம்மா ஒருத்தர் வந்து நின்று, “இதுல யாரு கன்டெய்னரு” என்று கேட்டார். அது நீதான். துறைமுக ஆபீஸில் கிளார்க்காம். எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. எழுந்து நின்று, மேடம், நீங்கள், மன்னிக்கணும் என்று என்னவோ உளறினேன்.

நீ சிரிக்கவில்லை. நிஜமாகவே முகம் வாடிவிட்டது. “ரெண்டு வருசமா நீ, வா, போன்னு எழுதிகினு, இப்ப இன்னா புதுசா மரியாத? எங்கூட சண்ட போட்டவந்தான் என்ன நீங்கன்னு கூப்புடுவான்” என்றாய். அன்றைக்கு சுண்டல் காகிதம் காலியாவதற்குள் மறுபடி ‘நீ’க்கு வந்துவிட்டேன். இந்த மடலிலும் அப்படியேதான் எழுதுகிறேன், தப்பாக நினைக்கமாட்டாய் என்று தெரியும்.

சந்திப்புப் படங்கள் வெளியானதும் நீ பெண் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பெயரில்லாமல் வருகிறவர்களை ‘அனானி’ என்போமே, அப்படி ஒருவன் உன்னைப் பிடித்துக்கொண்டான். முதலில் ஒழுங்கான தமிழ் கற்றுக்கொள் என்றான். பிறகு எழுதியதையெல்லாம் இங்கே சொல்லமுடியாது. நீ அவனுக்கும் பொறுமையாகப் பதில் போட்டுக்கொண்டிருந்தாய். எனக்குத்தான் தாங்கவில்லை. மட்டுறுத்தலை வைத்துவிடு, யார் எழுதினாலும் நீ பார்த்து அனுமதித்த பிறகுதான் வெளியில் தெரியும் என்று நச்சரித்தேன். “வூட்டுக்கு வர்றவன வெளிய நிக்க வெச்சி, இரு, கேட்டுச் சொல்றேங்கறதா? நல்லால்ல மாமு” என்று ஒரு மாதம் தட்டிக் கழித்தாய். விடவில்லை நான். அடுத்த சந்திப்பில் உன் மடிக்கணினியை வாங்கி, எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும் என்று காட்டி, நானே போட்டும் கொடுத்தேன். அனானி ஒழிந்தான். அந்த வெற்றியை நான் கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

வருடங்கள் போயின. பதிவர்கள் ஒவ்வொருவராக வேறு வேறு செயலிகளுக்குக் குடிபோனார்கள். எல்லோருடைய பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டிய திரட்டிகள் மூடின. நீ ஓய்வு பெற்ற பிறகும் ராயபுரத்து வாடையை எழுதிக்கொண்டிருந்தாய். நாங்கள் ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தோம்.

போன வருடம் ஒரு பத்திரிகைக்கு நான் சுத்தமான தமிழில் ஒரு கட்டுரை எழுதினேன். “கன்டெய்னருக்குப் பெயிண்டு அடிச்சிட்டாங்க” என்று நீ கிண்டலடித்தாய். கிண்டல்தான். எனக்கு மட்டும் சுருக்கென்றது. அதற்கு விளக்கமாக ஒரு பின்னூட்டம் எழுதினேன். ‘உங்கள் பின்னூட்டம் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது’ என்று வந்தது. ஒரு வாரம் காத்திருந்தது. “மாமு, எங்க போன” என்று இன்னொன்று போட்டேன். அதுவும் நின்றது. உன் பதிவும் புதிதாக வரவில்லை. உன் நம்பர் என் கைப்பேசியில் இருந்தது. பதிவர்களுக்குள் ஃபோன் பேசுகிற வழக்கமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது ரோஷம், வேறொன்றுமில்லை.

கடைசியாக ஒன்று எழுதினேன். “மதிப்பிற்குரிய பதிவருக்கு, தங்களுக்கு நேரம் வாய்க்கும்போது கதவைத் திறக்கவும். நீங்கள் பெரிய ஆள் ஆகிவிட்டீர்கள் என்று தெரிகிறது.” எழுதிவிட்டு உன் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். எந்தச் சொல் உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் பொறுக்கி எடுத்துப் போட்டேன் மாமு. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பழைய பதிவர் ஒருவர் கூப்பிட்டுத் தகவல் சொன்னபோது உன்னை அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பல மாதமாக ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தாயாம். முப்பதாம் நாள் ஜெபத்துக்குத்தான் உன் வீட்டுக்கு முதன்முறையாக வந்தேன். உறவினர்கள் நடுவில், யார் என்று கேட்ட உன் மகளிடம் என் நிஜப் பெயரைச் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. தயங்கிக்கொண்டே, கன்டெய்னர் என்றேன்.

அவள், “அந்த ‘நீங்கள்’ போட்டவரு நீங்கதானாண்ணா?” என்று கேட்டாள்.

ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனதும் உன் கைப்பேசியை எடுத்து வந்தாள். உள்ளே திறந்தால், ஒப்புதலுக்கு நிற்கும் பின்னூட்டங்கள் மாதக்கணக்கில் வரிசையாக இருந்தன. தோஸ்து எங்கே, உடம்பு சுகமா, ஒரு வார்த்தை சொல் என்று பெரம்பூர்க்காரர், வண்ணாரப்பேட்டைக்காரர், நான் கேள்விப்பட்டே இராத பெயர்கள். எல்லோரும் உன்னை விசாரித்திருந்தார்கள். ஒருவர் விசாரித்தது இன்னொருவருக்குத் தெரியாமல், நான் போட்டுக்கொடுத்த பூட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். நான் வாசிக்க வாசிக்க அவள் ஒவ்வொன்றாக அனுமதித்தாள். என்னுடையது மட்டும் மிஞ்சியது.

அழித்துவிடு என்றேன். அவள் அழிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அதை உனக்கு வாசித்துக் காட்டியதாகச் சொன்னாள்.

“சிரிச்சிட்டாங்கண்ணா. கோவத்துல நீங்கள் போட்டுகீது பாருன்னு ரொம்ப நேரம் சிரிச்சாங்க. பதிலும் சொன்னாங்க. எனக்குத் தமிழ்ல டைப் அடிக்க வராது, நாளைக்குப் போடலாம்மான்னு சொல்லிட்டேன்.” அந்த மறுநாள்தான் உனக்கு நினைவு தப்பியதாம். இத்தனை நாளாக அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்திருக்கிறாள்.

என் பின்னூட்டத்தை அனுமதித்தோம். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று நான் காட்ட, நீ சொன்ன பதிலை அவளே அடித்தாள்: “கதவு தொறந்துதான் மாமு கீது. தள்ளிகினு உள்ள வா.” உன் கைப்பேசி என்பதால் மேலே உன் பெயர் விழுந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

மட்டுறுத்தலை எடுத்துவிடலாம் என்று கட்டத்தில் இருந்த டிக்கை நீக்கினோம். சாம்பார் வாளியோடு யாரோ எங்களைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கும் முன், உன் பதிலுக்குக் கீழே ஒட்டகத்திடமிருந்து ஒன்று வந்து விழுந்தது. அவருக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை.

“வந்துட்டியா மாமு. எத்தினி நாளாப் பாத்துகினு கீறேன்.”

உன் மகள் கைப்பேசியை என் கையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். நான் என்னுடையதை எடுத்து என் பெயரில் எழுதினேன். அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். “தோஸ்து போயிட்ச்சி மாமு. நாங்க அது வூட்லதான் கீறோம். நீயும் உள்ள வா.”

அன்றையிலிருந்து தினமும் ஒட்டகம் உன் பக்கத்துக்கு வருகிறார். நானும் போகிறேன். சில நாள் சண்டைகூட வருகிறது. இப்போதெல்லாம் எவ்வளவு கோபம் வந்தாலும் ‘நீ’ என்றுதான் எழுதுகிறேன், மாமு.