அண்ணன் பேர்ல இருந்த சர்டிபிகேட்டு

வெள்ளிக்கிழமை. ஆடி கிருத்திகைக்கு இன்னும் நாலு நாள்.

காலையில ஃபயர் ஸ்டேஷன்லேர்ந்து டூரிங் சினிமா கொட்டாயைச் சோதிக்கப் போனேன். தீயணைக்கப் பயிற்சி எடுத்த ஆள் ஒருத்தர் அங்க இருக்கணும். டிக்கெட் கிழிக்கிறவன் சர்டிபிகேட்டை நீட்டினான். அதுல அவன் அண்ணன் பேரு.

"அண்ணன் மெட்ராஸ் பூட்டாரு சார். பீஸு கட்டி வாங்கினது, வீணாப் போவலாமா?"

தீயணைப்புக் கருவியை எடுக்கச் சொன்னேன். கொழந்தை மாதிரி இடுப்புல வச்சிகினு முழிச்சான்.

"திருவிழா முடியட்டும் சார், பீஸு கட்டி இவனையும் பயிற்சிக்கு அனுப்பறேன்"னு கொட்டாய் முதலாளி என் கையைப் பிடிச்சிகினார். முடியாதுன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனா எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

சாயந்திரம் என் வீட்டுக்காரி, நாளைக்குக் கொழந்தைங்களோட அந்தக் கொட்டாய்க்குப் போறேன்னா. வேணாம்னு கத்திட்டேன்.

ஏன்னு கேட்டா. இப்ப நடுராத்திரி, எனக்குத் தூக்கம் வரல. அவளும் முழிச்சிகினுதான் படுத்திருக்கா.