அதான் போதகரம்மா இருக்காங்கல்ல

ஜூன் 2, ஞாயிறு
ஆராதனை முடிந்து திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். நாற்காலிகளை யார் அடுக்குவது என்று எவரோ கேட்டார்கள். "அதான் போதகரம்மா இருக்காங்கல்ல" என்றார் எங்கள் சபைக்கு வருகிற கட்டட காண்ட்ராக்டர். ஒரே சிரிப்பு. என் வீட்டுக்காரரும் சிரித்தார். போதகரே சிரித்தால் சபை சிரிக்காதா?

ஜூன் 4, செவ்வாய்
வீட்டுக்காரரிடம் கேட்டேவிட்டேன். "வேலையைப் பிரிச்சுக் கொடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"
"ஆண்டவருக்குச் செய்றதுல சலிச்சுக்கலாமா?"
சலிப்பா இது? இடுப்பு விட்டுப்போகுது!

ஜூன் 9, ஞாயிறு
வேலையைப் பிரித்துவிட்டார். அப்போஸ்தலர்கள் பந்தி விசாரிக்க ஆள் தெரிந்தெடுத்ததைப் பற்றிப் பிரசங்கம். கடைசியில், நடமாட முடியாதவர்களுக்குச் சனிக்கிழமை சாப்பாடு கொண்டுபோகும் குழுவுக்குக் காண்ட்ராக்டர் தலைவர். கைதட்டல். சமைப்பது? நான். கழுவுவது? கேட்கவே வேண்டாம்.

ஜூன் 16, ஞாயிறு
இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கும் டெய்லரக்காவைப் பார்க்கப் போனேன். நேற்றிலிருந்து பட்டினி. நான் கட்டிக் கொடுத்த சாப்பாடு காண்ட்ராக்டரின் கார் டிக்கியிலேயே ஊசிப்போயிருக்கிறது! "யார்கிட்டயாவது கொடுத்தனுப்பலாம்னு இருந்தேம்மா" என்கிறார், கூச்சமே இல்லாமல்.
அக்கா சொன்னது - "நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."
நானா? நானா மறந்தேன்?
வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். "பட்டம் கொடுத்தீங்களே, கையில பாத்திரத்தைக் கொடுத்தீங்களா? இனி சபை அடுப்படியில என் கால் படாது."

ஜூன் 17, திங்கள்
இவர் டெய்லரக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டாராம். என்னிடம்? மூச்.

ஜூன் 22, சனி
நான் போகவில்லை. சபை அடுப்படியிலிருந்து, உதவிக்குப் போன நர்ஸ் தங்கச்சி போன் செய்தாள். போதகர் வெங்காயம் நறுக்குகிறாராம். காண்ட்ராக்டர் பாத்திரம் துலக்குகிறாராம்.
"அண்ணன் கண்ணெல்லாம் கலங்கியிருக்குக்கா."
"மனசு வருந்தியா?"
"வெங்காயம்தான்."
சோறு குழைந்துவிட்டதாம். இரண்டு பேருமாகக் கொண்டுபோய் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்களாம்.
கோபம் தீர்ந்ததா? ஒரு சனிக்கிழமைக்கா தீரும்?

ஜூன் 25, செவ்வாய்
"உன்கிட்ட முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. சனிக்கிழமை சமையல் இனி முறை வைத்து. முதல் முறை அவருடையதாம். பார்க்கிறேன்.

ஜூன் 30, ஞாயிறு
பாட்டு முடிந்ததும் பழக்கதோஷத்தில் அடுப்படிக்குப் போக எழுந்தேன். தங்கச்சி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இவர் பிரசங்கத்தை முதல் தடவையாக ஆமென் வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன்.
ரொம்ப நீளம். இதையும் சொல்லிவிட வேண்டும்.