இறால் ஓடு

ஏனுங்க,

நேற்றுப் பேட்டி எடுக்க வந்த பெண்ணிடம் நீங்கள் கண்டுபிடித்த மருந்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னீர்கள்: "இறால் ஓட்டுல செஞ்ச நானோ துகளுங்க. வயித்துல கரையாம மருந்தைப் பெருங்குடலுக்கே கொண்டுபோயிருமுங்க." நான் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். ஆறு மாதமாக என் பெருங்குடல் புண்ணுக்கு அதைக் கொடுக்கிறீர்களே, என்னிடம் சோளமாவில் செய்தது என்றுதானே சொன்னீர்கள்?

முட்டைகூடத் தொடாதவள் நான். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் குளித்து, பெருமாளைக் கும்பிட்டுவிட்டு அதைத்தான் விழுங்கினேன்.

"கேட்டா வேண்டாம்னிருப்பே அம்மணி" என்கிறீர்கள். எப்போது கேட்டீர்கள்?

ரத்தம் போவது நின்றுவிட்டது. அதை மறுக்கவில்லை.

கோபியில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். மீதி மாத்திரைகள் என் பையில் இருக்கின்றன. இனித் தெரிந்தே விழுங்குவேன். கேட்டிருந்தால் முதல் நாளே அப்படித்தான் விழுங்கியிருப்பேன்.

உங்கள் மனைவி