என் பரீட்சைக்கு நீங்கள் பார்த்த நாள்

புத்தூர் கிழக்கு,
புத்தூர்.
ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணைக்கு,

ஜெயனி எழுதிக்கொள்வது. அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. பிறஷர் குளிசையை நேரத்துக்குப் போடுகிறார். நானும் சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகம் விசாரித்தாயிற்று. இனி வருவது முழுக்கக் கோபம்தான், ஆகவே ஓரிடத்தில் இருந்து ஆறுதலாக வாசியுங்கள்.

போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் "சரி சரி, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுகிறீர்கள். குரல் பதிந்து அனுப்பினால் அதை அண்ணி கேட்டு உங்களுக்குச் சுருக்கிச் சொல்கிறார். என் கோபத்தைச் சுருக்கிச் சொல்ல அண்ணியால் முடியாது. அதனால்தான் கொப்பியில் தாள் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மாவுடன் கதைத்தபோது அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். கை ஓயாததால் போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்திருந்தார். நான் பக்கத்து அறையில் சீருடைக்கு அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். "உவள் ஏன் உந்தத் துள்ளுத் துள்ளுறாள்? நான் என்ன கெடுதலே செய்தனான்? நாலெழுத்துப் படிச்ச கொழுப்பு" என்று நீங்கள் சொன்னது ஒரு சொல் தப்பாமல் கேட்டது. அம்மா "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அயன் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன். அழவில்லை. அழுகிற கட்டம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து ஒருதரம்கூட நீங்கள் கேட்கவில்லை. ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் இருக்கிற நாட்டில் தாதியாக வேலை செய்ய உரிமம் தருகிற பரீட்சைக்கு ஒன்றரை வருடம் படித்தேன். எட்டு மணித்தியாலம் வார்டில் நின்றுவிட்டு, பஸ்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தூர் வரைக்கும் நின்றபடியே போனில் கேள்வி செய்து படித்தேன். அரியாலைத் தனுசியாவை உங்களுக்குத் தெரியும், என்னோடு ஒரே வார்டில் வேலை செய்கிறவள். இருவரும் ஒன்றாகத்தான் விண்ணப்பித்தோம். ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து கேள்விமுறை மாறுகிறது என்று போன வருடமே அறிவித்துவிட்டார்கள். நாங்கள் படித்ததெல்லாம் பழைய முறை. அதனால் மார்ச் இருபத்தைந்து எனக்கு, இருபத்தாறு அவளுக்கு என்று சென்னையில் இடம் எடுத்தோம். இதை உங்களுக்கு இரண்டு தரம் சொன்னேன். முதல் தரம் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். இரண்டாம் தரம் பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். இரண்டு தரமும் "ஓம் ஓம்" என்றீர்கள்.

மார்ச் பத்தாம் திகதி காலை வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறேன். அம்மாவின் முகம் முழுக்கச் சந்தோஷம். "பிள்ளை, உன்ரை சோதினையை அண்ணை ஏப்ரல் இருபத்திமூண்டுக்கு மாத்திப் போட்டான். இருபத்தஞ்சு உனக்குச் சந்திராட்டமம். சாத்திரியாரும் வேண்டாம் எண்டிட்டார். வருசம் பிறந்தாப் பிறகு, வளர்பிறையிலை நல்ல நாள்" என்றார். எனக்குக் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே தோன்றவில்லை. முதலாம் திகதி, முதலாம் திகதி என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். முதலாம் திகதி கரிநாளோ என்று அம்மா கேட்டார்.

அம்மா மீது எனக்கு உள்ள கோபம் கொஞ்சம்தான். நீங்கள் முதல்முதல் வெளிக்கிட்டபோது ஏஜென்ற் அவசரப்படுத்தியதால் அம்மா நாள் பார்க்கவில்லை. இடையில் ஏதோ ஒரு நாட்டில் பதினொரு மாதம் நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்று தெரியாமல் கிடந்தோம். அந்தப் பதினொரு மாதமும் அம்மா தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு வாழைக்குட்டி வைப்பதென்றாலும் பஞ்சாங்கம் பார்த்துத்தான். அது பயம். அதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

உங்களுக்கு என்ன பயம், அண்ணை? நீங்கள் அங்கே வீட்டுக்குக் குடிபூர எந்த நாளைப் பார்த்தீர்கள்? லொறிக்காரன் வருகிற சனிக்கிழமையைத்தான் பார்த்தீர்கள். அம்மாவுக்கு ஒரு சமாதானம் சொல்ல வேண்டும், அதற்கு என் நாளை எடுத்துக் கொடுத்தீர்கள். உங்கள் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். அடுத்த நாள் நான் கோபத்தில் கடைக்குப் போய்த் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வாங்கிவந்தேன். எங்கள் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம்தான் என்று தெரிந்தும் வாங்கினேன். அதில் என் சுவாதி நட்சத்திரத்துக்குச் சந்திராட்டமம் இருபத்தைந்தாம் திகதி விடியவே முடிகிறது. பரீட்சை மத்தியானம் ஒரு மணிக்கு. அம்மாவுக்குக் காட்டினேன். "உது எங்கடை பஞ்சாங்கம் இல்லை" என்று சொல்லி அதை எடுத்து அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டார். சந்திரன் ஒன்றுதான், அது எந்த வீட்டில் நிற்கிறது என்பதில் யாழ்ப்பாணத்தில் இரண்டு கட்சி. அந்தச் சண்டைக்கு நடுவில் அகப்பட்டது என் ஒன்றரை வருடம்.

பழைய திகதியைத் திரும்ப எடுக்கலாம் என்று பார்த்தேன். மாற்றத்துக்கு முன்னம் எழுதிவிட வேண்டும் என்று எல்லோரும் முண்டியடித்ததில் மார்ச் முடிய ஓரிடமும் இல்லை. நீங்கள் விட்ட என் இருபத்தைந்தை யாரோ ஒருத்தி ஒரு மணித்தியாலத்துக்குள் எடுத்திருப்பாள். அவள் நல்லாயிருக்கட்டும். தனுசியா தன் நாளில் போனாள், எழுதினாள், போன வெள்ளிக்கிழமை சித்தியடைந்தாள் என்று முடிவு வந்தது. வார்டில் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள். நானும் தின்றேன். அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன், மனமார வாழ்த்தினேன். பிறகு மருந்து அறைக்குள் போய் நின்று சுவரைப் பார்த்தேன்.

நோயாளிகள் சந்திராட்டமம் பார்த்து விழுவதில்லை, அண்ணை. இராகு காலத்தில் வருகிற மாரடைப்புக்கு நான் "கொஞ்சம் பொறுங்கோ ஐயா, ஒன்றரைக்குப் பிறகு பாப்பம்" என்று சொல்வதில்லை. எட்டு வருடமாக ஒவ்வொரு நாளும், கெட்ட நாளிலும், ஆட்களைப் பிழைக்க வைக்கிற வேலை செய்கிறேன். அந்தக் கைக்கு ஒரு பரீட்சை எழுத எந்த நாள் சரி என்று தெரியாது என்று நீங்கள் நினைத்ததுதான் எனக்குச் சுடுகிறது. எனக்கு முப்பத்தொரு வயது.

சரி, புது முறையைப் படிப்போம் என்று தொடங்கினேன். முதல் கிழமை ஒன்றும் விளங்கவில்லை. முன்பு ஒரு கேள்விக்கு நாலு விடை, ஒன்றைத் தெரிவு செய்தால் முடிந்தது. இப்போது ஒரு நோயாளியின் குறிப்புக் கோவையை அப்படியே தருகிறார்கள். காலையில் காய்ச்சல் எவ்வளவு, மத்தியானம் சிறுநீர் எவ்வளவு, மகள் வந்து என்ன முறையிட்டாள் எல்லாம் அதில் இருக்கும். இதில் எது உன்னை உறுத்துகிறது, முதலில் என்ன செய்வாய், செய்த பிறகு எதைப் பார்ப்பாய் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறார்கள். இரண்டாம் கிழமைதான் பிடிபட்டது. இது நான் வார்டில் நாள்தோறும் செய்வது. பழைய முறையைவிட இது எனக்கு நன்றாகவே வருகிறது. இதை எழுத மனமில்லாமல்தான் எழுதுகிறேன். "பாத்தியே, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று நீங்கள் சொல்லக்கூடாது. சொன்னால் இந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஒரேயொரு வகைக் கேள்வியில் மட்டும் விடாமல் பிழை விட்டேன். வைத்தியர் எழுதிய மருந்தின் அளவு கூடிப்போயிருப்பது உனக்குத் தெரிகிறது, என்ன செய்வாய் என்ற கேள்வி. மேற்றனிடம் சொல்வேன் என்று போட்டேன். பிழை. மற்ற நேர்ஸிடம் கேட்பேன் என்றேன். பிழை. மருந்தைக் கொடுத்துவிட்டுக் கவனித்துக்கொண்டிருப்பேன் என்றேன், பெரும் பிழை. நேரே எழுதியவரையே கேட்க வேண்டுமாம். கொடுக்காமல் நிறுத்திவிட்டு, அவரிடமே, மரியாதையாக, தெளிவாகக் கேட்க வேண்டுமாம். இங்கே அப்படிக் கேட்டால் அடுத்த மாதம் எந்த வார்டில் போடுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வார்டில் பழகியதும் இந்த வீட்டில் பழகியதும் எனக்கு ஒன்றுதான். ஆறு தரம் பிழைவிட்ட பிறகு கொப்பியை மூடினேன். நான் அம்மாவிடம் முறையிடுகிறேன், தனுசியாவிடம் முறையிடுகிறேன், செய்தவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே நேரே கேட்கிறேன். என் பெயரில் உள்ள பரீட்சையை, என்னைக் கேட்காமல் எப்படி மாற்றினீர்கள்? விண்ணப்பத்தைத் தொடங்கித் தந்தது நீங்கள், மின்னஞ்சல் உங்களுடையது, கடவுச்சொல் உங்களிடம். அது எனக்கு உதவி செய்ய வைத்திருந்தது. என்னை நடத்த வைத்திருந்தது அல்ல.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். மூன்று நாள் காலையில் பரீட்சைக் காரியாலயத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே பேசிய பெண் கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி எல்லாம் கேட்டுவிட்டு, திகதியை மாற்றியவர் யார், உன் அனுமதியோடா மாற்றினார் என்று கேட்டாள். இல்லை என்று நான் சொன்னால் பதிவையே இரத்துச் செய்துவிடுவார்கள். நான் "ஓம், நான்தான் சொன்னேன்" என்றேன். என் பரீட்சையை என்னிடமிருந்து எடுத்தவருக்காக நானே பொய் சொன்னேன். அதை மட்டும் உங்களால் மறக்க முடியாதபடி இங்கே எழுதி வைக்கிறேன்.

பதிவு இப்போது என் மின்னஞ்சலில் இருக்கிறது. கடவுச்சொல் எனக்கு மட்டும் தெரியும். இருபத்திமூன்றாம் திகதி நான் எழுதவில்லை. வேறொரு நாள் எடுத்திருக்கிறேன். பஞ்சாங்கம் பார்க்காமல், லீவுப் பட்டியலையும் நான் இன்னும் படிக்க வேண்டிய பாடங்களையும் பார்த்து எடுத்த நாள்.

இதை அம்மாவிடம் நேற்றுப் பின்னேரம் சொன்னேன். எந்த நாள் என்று கேட்டார். சொல்லவில்லை. "நாளை மட்டும் சொல்லு பிள்ளை, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார். சொல்லவில்லை. அம்மா இரவு சாப்பிடவில்லை, காலையில் என் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனார். சீனி போட மறக்கவில்லை. போகிற அன்று விடியத்தான் சொல்லப்போகிறேன். அவர் பஞ்சாங்கத்தைத் தேடி மூக்குக்கண்ணாடியையும் தேடி எடுப்பதற்குள் ஓட்டோ ஒழுங்கையால் திரும்பிவிடும். எனக்கு அது சுலபம் என்று நினைக்க வேண்டாம். அம்மா திருநீறு பூசாமல் நான் ஒரு பரீட்சைக்கும் போனதில்லை.

உங்களிடமும் நாளைச் சொல்லமாட்டேன். அம்மா கேட்டு அழுதால் நீங்கள் உருகிவிடுவீர்கள். உருகினால் என்ன செய்வீர்கள் என்று பார்த்துவிட்டேன்.

அப்பா போன பிறகு இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் நீங்கள். என்னைத் தாதியர் கல்லூரியில் சேர்த்தவரும் நீங்கள். அதை மறந்து இதை எழுதவில்லை. நான் சித்தியடைந்தால் முதல் போன் உங்களுக்குத்தான். தவறினாலும் உங்களுக்குத்தான். அப்போது நாளின் மீது பழி போடாதீர்கள், பழியை எனக்கே விடுங்கள். அதையும் நானே வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நான் எழுதி முடித்திருக்கலாம், எழுதிக்கொண்டிருக்கலாம், இன்னும் எழுதாமலும் இருக்கலாம். அது எந்த நாள் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே அண்ணை, காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது ஒரு நிமிடம் எனக்காகக் கும்பிடுங்கள். நாள் தெரியாதபடியால் ஒரு நாளும் தவறவிடாமல் கும்பிடுங்கள்.

உங்கள் கோபமும் அன்பும் மாறாத தங்கை,
செ. ஜெயனி