பெட்டிக்குள் ஒரு கரும்புத் துண்டு

ஜனவரி 9, வெள்ளி

நாளை காலை ஜெர்மனிக்கு விமானம். மாலையில் பெட்டியைச் சரிபார்த்தபோது, துணிகளுக்கு அடியில் ஈரக் கோணியில் சுற்றிய கரும்புத் துண்டு ஒன்று இருந்தது. கூடவே மலைக்கோயில் விபூதிப் பொட்டலம். நைனா வைத்தது.

எங்கள் கழனியில் கரும்பு காய்ந்துகொண்டே வருகிறது. போன வாரம் ஒன்றைப் பிளந்து பார்த்தேன். உள்ளே சிவப்பு, புளித்த வாடை. "செவ்வழுகல் நைனா. எல்லாத்தையும் வெட்டி எரிச்சிடணும்" என்றேன். அவருக்கு மனசு வரவில்லை. என் லேப் மெஷின் வேறு ஏதாவது சொல்லும் என்று நம்புகிறார். மூன்று வருட பிஎச்.டி.யில் நான் பார்த்ததெல்லாம் ஒரு களைச்செடியின் ஒரே ஒரு மரபணுவை. அதோடு, நோய் தாக்கிய பயிரை விமானத்தில் கொண்டுபோக விடவே மாட்டார்கள்.

துண்டை எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். விபூதி பெட்டியிலேயே இருக்கிறது.

சாப்பிடும்போது கேட்டார். "கரும்ப வச்சிக்கினியாம்மா?"

"ஆங் நைனா."

அவர் முகம் தெளிந்துவிட்டது. இத்தனை நாளில் இன்றுதான் இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு பக்கத்துக் கழனிக்காரர் வாசலில் வந்து நின்றார். "எப்பண்ணா வெட்டப்போற? என்னுதுக்கும் பரவிடும்."

"எம்பொண்ணு கையோட எடுத்துக்கினு போவுது. அது போன் பண்ணட்டும். அதுவரைக்கும் ஒரு கரும்பக்கூட வெட்டமாட்டேன்."

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். பெட்டியைப் பூட்டினேன்.